நீலகிரிக்குக் கீழே போன கடல்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்: "இது பழைய எரிமலைதானே? அந்த ஏரி அதோட வாய்தானே?" இல்லை. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. ஊட்டி ஏரி அதற்கும் முன்னால், ஜான் சல்லிவன் காலத்தில் உண்டாக்கியது. ஆனாலும் அந்தச் சந்தேகத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. நீலகிரியின் கல்லில் பெரும்பகுதி, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வரிசையின் அடியாழத்தில் பாறைக்குழம்பாக இருந்து உறைந்தது என்பதுதான் இன்று பல புவியியலாளர்களின் கருத்து. அந்தக் குழம்பு உண்டாகக் காரணம், கீழே மூழ்கிப்போன ஒரு கடலின் தரை.

கடல்தரை எப்படி மூழ்கும்? பூமிக்குள்ளே நெருப்புக்குழம்புக் கடல் இருக்கிறது, அதன்மேல் பூமியின் மேற்புறப் பாறைத் துண்டுகளான தட்டுகள் மிதந்து ஒன்றையொன்று இடிக்கின்றன என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டுகளுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறைதான். மிகுந்த சூட்டில், லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மட்டும் அது மெல்ல நகர்கிறது. நடுக்கடல் முகடுகளில் புதிதாகப் பிறக்கும் கடல்தட்டு சூடாகவும் மெலிதாகவும் இருக்கும். முகட்டைவிட்டு விலக விலகக் குளிர்ந்து, தடித்து, அடர்த்தி கூடிக்கொண்டே போகும். கடைசியில் தனக்குக் கீழே இருக்கும் கவசத்தைவிடக் கனமாகிவிடும். அந்த நிலைக்கு வந்த தட்டுக்கு ஓர் இடத்தில் விளிம்பு மடங்கிக் கொடுத்தால் போதும், உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். கண்டத்தின் பாறை லேசானது. அதனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் எப்போதும் அடியில் போவது கடல்தட்டுதான்.

இறங்க ஆரம்பித்தபின் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடல்தரையின் பசால்ட் பாறை ஆழத்துக்குப் போகப் போக அழுத்தம் தாங்காமல் எக்லோகைட் என்ற வேறு பாறையாக மாறுகிறது. கார்னெட் என்ற கனிமத்தின் சிவப்பும் பைராக்சீன் என்ற கனிமத்தின் பச்சையும் கலந்த அழகான கல் அது. கவசத்தின் மேற்பகுதியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 3.3 கிராம் அளவில் இருக்க, எக்லோகைட் 3.5-ஐத் தொடும். ஆக, மூழ்க மூழ்கத் தட்டு இன்னும் கனக்கிறது. உள்ளே போன பகுதி, மேலே மீதமிருக்கும் தட்டைப் பின்னாலேயே இழுக்கிறது. புவித்தட்டுகள் நகர்வதற்கு முதன்மைக் காரணம் இந்த இழுப்புதான். பின்னாலிருந்து தள்ளும் விசையின் பங்கு குறைவு.

சரி, எரிமலை எங்கிருந்து வந்தது? இறங்கும் தட்டு குளிர்ந்தது, அது உருகிக் குழம்பாவது அரிது. தண்ணீர்தான் காரணம். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த பாறை, தன் கனிமங்களுக்குள்ளேயே நீரைக் கட்டி வைத்திருக்கும். 100 கி.மீ. ஆழம் நெருங்கும்போது சூடும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அது மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் ஏறுகிறது. ஐஸ் கட்டியின்மேல் உப்பைப் போட்டால் சூடு ஏற்றாமலேயே அது உருகுகிறதே, அதுபோல நீர் சேர்ந்த பாறை, சேராத பாறையைவிடப் பல நூறு டிகிரி குறைவான வெப்பத்திலேயே உருகத் தொடங்கிவிடும். அந்தக் குழம்பு மேலெழும்பி எரிமலைகளாக வரிசை கட்டுகிறது.

இன்று இது நமக்கு அருகில் நடப்பது அந்தமான், சுமத்திரா பக்கம். அங்கே இந்தியத் தட்டு கிழக்குப் பக்கமாக இறங்குகிறது. அதன் பலன்தான் இந்தியாவில் இப்போது உயிரோடிருக்கும் ஒரே எரிமலையான பேரன் தீவு. சிக்கிக்கொண்ட தட்டு 2004 டிசம்பர் 26 அன்று ஏறக்குறைய 1,300 கி.மீ. நீளத்துக்கு ஒரே மூச்சில் நழுவியதன் பலன், நாகப்பட்டினத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் அந்தமானில் நமக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். எரிமலை வரிசையின் அடியில், 30 கி.மீ. ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே நேரில் பார்க்க வழியில்லை. கடல்தரையில் பழைய தடயம் தேடிப் போனாலும் பயனில்லை. பழையதெல்லாம் இப்படியே விழுங்கப்பட்டுவிடுவதால், இன்றைய பெருங்கடல்களின் அடியில் சுமார் 20 கோடி ஆண்டுக்கு மூத்த தரை கிடைப்பதே அரிது. அதற்கு முன்னால் மூழ்கிய கடல்களின் கணக்கு கண்டங்களின் பாறைகளில்தான் இருக்கிறது. நீலகிரி அப்படிப்பட்ட ஓர் இடம்.

குன்னூர் மலைப்பாதையிலோ, கல்லாறு தாண்டி மலை ரயிலுக்காக வெட்டிய பாறைச் சுவர்களிலோ புதிதாக உடைந்த கல்லைப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோன்ற கரும்பச்சைப் பளபளப்பு இருக்கும். கல் குவாரிகளில் இதுவும் கருங்கல்தான். புவியியலாளர்கள் இதைச் சார்னோகைட் என்கிறார்கள். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருக்கும் கல் இந்த வகை. அதை வைத்துத் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர்.) பல இடங்களில் அதில் கடுகளவிலிருந்து பட்டாணியளவு வரை சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான் கார்னெட். கோமேதகமும் இந்த இனம்தான், ஆனால் மோதிரத்துக்கு ஆகும் என்று யாரும் சுத்தியலோடு கிளம்ப வேண்டாம், ரொம்பச் சாதாரணக் கல்.

ஆராய்ச்சிக்கு அது சாதாரணமில்லை. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் பைராக்சீனும் அதிக அழுத்தத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து கார்னெட்டாகவும் குவார்ட்ஸாகவும் மாறும், ஏனென்றால் அந்தச் சேர்க்கைக்கு இடம் குறைவாகப் போதும். எனவே ஒரே கல்லில் கார்னெட்டில் எவ்வளவு கால்சியம், ஃபெல்ட்ஸ்பாரில் எவ்வளவு கால்சியம் என்று அளந்தால், அந்தக் கல் எந்த அழுத்தத்தில், அதாவது எந்த ஆழத்தில் வெந்தது என்று கணக்கிடலாம். நீலகிரியில் இப்படிக் கணக்குப் போட்டபோது தென்மேற்கில் 20-25 கி.மீ. ஆழமும், வடகிழக்கே மாயாற்றை நோக்கிப் போகப் போக 30 கி.மீ.க்கு மேலும் வந்தது. மலை முழுவதும் ஒருபக்கம் கூடுதலாகத் தூக்கப்பட்டு, சாய்ந்தபடி மேலே வந்திருக்கிறது. அதன்மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போயிற்று. மேல்பாரம் குறையக் குறைய அடியிலிருப்பது எழும், அது மறுபடி அரிபடும். எரிமலைகள் முதலிலேயே போய்விட்டன.

கல்லின் வயது சிர்கான் என்ற நுண்மணிகளிலிருந்து கிடைத்தது. அதற்குள் இருக்கும் யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் நமக்குத் தெரியும்.

கோத்தகிரிப் பக்கம் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே தெங்குமரஹடாவும் மாயாறும் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கு ஒரு பெரிய உராய்வு மண்டலத்தின் வழியே, அதாவது இருபக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டையின் வழியே ஓடுகிறது. மலைக்குத் தெற்கே பவானி ஆற்றை ஒட்டி இன்னொன்று. மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த கரும்பாறைகள் கிடைக்கின்றன. மூழ்காமல் தப்பி, கடல் மூடி இருபக்க நிலங்களும் மோதியபோது நடுவில் நசுங்கி ஒட்டிக்கொண்ட பழைய கடல்தரையின் துண்டுகள் என்று அவற்றைச் சிலர் சொல்கிறார்கள். எரிமலை வரிசையின் வேர்ப்பகுதி மட்டுமே என்று வேறு சிலர். எனக்கு முதல் விளக்கம் கவர்ச்சியாக இருக்கிறது, அதற்காக அதுதான் சரி என்று ஆகிவிடாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொட்டபெட்டா இன்று 2,637 மீட்டர் உயரத்தில் நிற்பதற்கு அந்தக் கடல் காரணமில்லை. மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைவிட்டுப் பிரிந்ததும், மேற்குத் தொடர்ச்சி மலை விளிம்பு உயர்ந்ததும் தனிக் கதை.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலை இன்னும் சிக்கல். அதன் கல்லில் பதிந்திருக்கும் முக்கியச் சூடு, நீலகிரியைவிட மிகப் பிந்தியது, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறியது. மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் கிடைக்கும் சஃபிரின் கனிமம் கொண்ட பாறைகள் 900 டிகிரிக்கு மேல் வெந்தவை. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இன்னொரு கடல் மூடியது, அதன் தழும்புதான் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை போகும் மண்டலம் என்பது ஒரு தரப்பு. அந்த மண்டலம் நீலகிரிக் காலத்திலேயே ஒட்டிவிட்டது, உண்மையான எல்லை இன்னும் தெற்கே, கரூரிலிருந்து கம்பம் வழியாகக் கேரளத்துக்குப் போகும் கோட்டில் இருக்கிறது என்பது மறுதரப்பு. இரண்டு தரப்பும் இன்னும் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.