இடது காலால் கியர் மாற்றிய கார்

இன்று நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒருவரை 1915ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் டி காரில் உட்கார வைத்தால், அவரால் அதைத் தெருமுனை வரைகூடக் கொண்டுபோக முடியாது. காலடியில் மூன்று பெடல்கள் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பதை ஆக்ஸிலரேட்டர் என்று நினைத்து மிதித்தால் வண்டி நின்றுவிடும். அதுதான் பிரேக். நடுவில் இருப்பதை மிதித்தால் வண்டி பின்னால் போகும். இடது பெடலைக் கிளட்ச் என்று நம்பி முழுவதும் அழுத்தினால் வண்டி முன்னால் கிளம்பிவிடும். கியர் போடும் கம்பியே கிடையாது. ஆக்ஸிலரேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் சின்ன நெம்புகோலாக இருக்கும். இடது பக்கம் இன்னொரு நெம்புகோல், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை முன்பின் தள்ளுவதற்கு.

இந்தக் கார் 1908 அக்டோபர் 1 அன்று விற்பனைக்கு வந்தது. 1927 மே மாதம் உற்பத்தி நிற்கும்போது ஒன்றரைக் கோடியைத் தாண்டியிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் குதிரை வண்டி தவிர வேறெதையும் ஓட்டாதவர்கள். அவர்களுக்கு இது சிரமமாகத் தெரியவில்லை, எளிதாகவே தெரிந்தது. காரணம் கியர்பாக்ஸ். மாடல் டி சொந்தக்காரர்கள் கொண்டாடியதிலும் திட்டியதிலும் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்தும், அதை ஒட்டி எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்திலிருந்தும் வந்ததுதான் என்பது என் எண்ணம். அதனால் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்து மற்ற கார்களில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பற்சக்கரத்தை நகர்த்தி, வேறு வேகத்தில் சுழலும் இன்னொன்றின் பற்களுக்குள் நுழைக்க வேண்டும். இரண்டின் வேகத்தையும் ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் அப்போது வரவில்லை. நேரம் தவறினால் பற்கள் உரசிக் கத்தும், சில சமயம் உடைந்தே போகும். மாடல் டியில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. எல்லாப் பற்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். எதை ஓடவிடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது என்பது மட்டும்தான் ஓட்டுநரின் வேலை.

அது எப்படி என்று பார்ப்போம். எஞ்சினின் பின்முனையில் கனமான ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன் முகத்தில் மூன்று முளைகள். ஒவ்வொரு முளையிலும் 27, 33, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் ஒரே துண்டாகச் சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். இவை ஃப்ளைவீலோடு சேர்ந்து நடு அச்சைச் சுற்றிவரும், தம் முளைகளின் மீதும் சுழலும். சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல் இருப்பதால் இதற்குக் கோள் கியர் அமைப்பு என்று பெயர். நடு அச்சில் இவற்றோடு கோத்த மூன்று சக்கரங்கள் உண்டு. 27 பல் கொண்டது பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டோடு இணைந்தது. 21 பல் கொண்டது மெதுவேக டிரம் என்ற உருளையோடும், 30 பல் கொண்டது ரிவர்ஸ் டிரம்மோடும் இணைந்தவை. ஒவ்வொரு டிரம்மைச் சுற்றியும் பருத்தித் துணி ஒட்டிய எஃகுப் பட்டை. பெடலை அழுத்தினால் பட்டை இறுகி அந்த டிரம்மைப் பிடித்துக்கொள்ளும்.

இடது பெடலை முழுக்க அழுத்துகிறோம். 21 பல் சக்கரம் அசையாமல் நிற்கிறது. ஃப்ளைவீல் ஒரு சுற்று வரும்போது, அதைச் சுற்றி உருளும் 33 பல் கோள் சக்கரம் தன் முளையில் கூடுதலாக 21/33 சுற்று, அதாவது ஏறத்தாழ 0.64 சுற்று, சுழன்றாக வேண்டும். அதே துண்டிலுள்ள 27 பல் சக்கரம், நடுவிலுள்ள 27 பல் சக்கரத்தை அந்த 0.64 சுற்று அளவுக்குப் பின்னோக்கித் தள்ளும். ஃப்ளைவீல் கொண்டுவந்த ஒரு சுற்றில் இது கழிந்தால் மிஞ்சுவது 0.36. எஞ்சின் 2.75 முறை சுற்றினால் தண்டு ஒரு முறை சுற்றும். வேகம் குறைந்து இழுவிசை கூடும். இதுதான் முதல் கியர்.

இப்போது நடுப் பெடல். இம்முறை நிற்பது 30 பல் சக்கரம். அதோடு கோத்திருப்பது 24 பல் கோள் சக்கரம். 30/24 என்றால் 1.25. ஒரு சுற்றிலிருந்து ஒன்றேகால் சுற்றைக் கழித்தால் விடை எதிர்மறை: தண்டு பின்னோக்கிக் கால் சுற்று சுற்றுகிறது. ரிவர்ஸுக்கென்று தனியாக ஒரு சக்கரத்தை இடையில் நுழைக்கவில்லை. பற்களின் எண்ணிக்கையை மாற்றியதிலேயே திசை மாறிவிட்டது. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு எஃகில் நடப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இந்த அமைப்பில் ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது.

இடது பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால், வட்டத் தகடுகளாலான கிளட்ச் மொத்தத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கோள்கள் தம் முளையில் சுழலாது. எஞ்சின் ஒரு சுற்று, தண்டு ஒரு சுற்று. அதுதான் இரண்டாவது கியர், கடைசிக் கியரும் அதுவே. பெடல் நடு நிலையில் இருந்தால் எதுவும் பிடிபடாது, நியூட்ரல். வலது பெடல் தண்டோடு இணைந்த டிரம்மைப் பிடிக்கும், அதுதான் பிரேக். காலை மாற்றி மாற்றி வைக்கத் தெரிந்தால் போதும், பல் உடையும் பயம் இல்லை.

சேற்றில் சிக்கினால் இதன் அருமை இன்னும் தெரியும். இடது பெடலையும் நடுப் பெடலையும் மாறி மாறி மிதித்தால் வண்டி முன்னும் பின்னும் ஆடி ஆடி வெளியே வந்துவிடும். அன்றைய அமெரிக்கக் கிராமத்துச் சாலை என்பது மழை பெய்தால் சேறுதான். தரையிலிருந்து உயரமான உடல், குறுக்காக வைத்த பட்டை ஸ்பிரிங்குகள், மூன்றே புள்ளிகளில் தாங்கிய எஞ்சின், அச்சு முறுக்கினாலும் உடையாத வனேடியம் கலந்த எஃகு ஆகிய எல்லாமே அந்தச் சாலைக்காகச் செய்யப்பட்டவை. 2.9 லிட்டர் எஞ்சின் தந்த 20 குதிரைத்திறனுக்கு மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அந்தச் சாலைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர் 1918இல் ஹென்றி ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் கார் எங்களைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டது, எங்கள் வாழ்க்கையில் மகிழ்ச்சியைக் கொண்டுவந்தது என்றார். அவர் சொன்னதை நான் அப்படியே நேர்ப்பொருளிலும் எடுத்துக்கொள்கிறேன்.

குறைகளும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தன. நீண்ட மேட்டில் ஏறும்போது முதல் கியரில் இருக்க வேண்டுமானால் இடது காலை எடுக்கவே கூடாது. மேடு முடியும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கால் மரத்துப் போகும். பட்டைகளின் துணி சீக்கிரம் தேயும். இறக்கத்தில் பிரேக் பட்டையை மட்டும் நம்பினால் எரிந்துவிடும் என்பதால், அனுபவப்பட்டவர்கள் மூன்று பெடல்களையும் மாறி மாறி அழுத்தி வேகத்தைக் குறைத்தார்கள். குளிர்காலத்தில் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் கெட்டியாகி கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பியதும் வண்டி ஆள் மீதே நகர்ந்து வரும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டுக் கிளப்புவது அமெரிக்காவின் வடமாநில விவசாயிகளின் வழக்கமாயிற்று.

கைப்பிடியைச் சுற்றுவதே ஆபத்தான வேலை. தீப்பொறி நெம்புகோலைத் தாமத நிலைக்குத் தள்ள மறந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு முறியும். முறிந்தவர்கள் ஏராளம். மின்சார ஸ்டார்ட்டர் 1919இல்தான் கிடைத்தது.

பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, புவியீர்ப்பில்தான் பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்கும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்து செங்குத்தான மேடும் வந்தால், கார்புரேட்டர் தொட்டியைவிட உயரமாகிவிடும், எஞ்சின் நின்றுபோகும். சொந்தக்காரர்கள் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடேறினார்கள். அப்போது தொட்டி மேலே வந்துவிடும். ரிவர்ஸ் 4க்கு 1 என்பதால் இழுவையும் முதல் கியரைவிட அதிகம். பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லை, இருக்கையைத் தூக்கிக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவு பார்க்க, வண்டிக்கு அடியில் படுத்து சின்னக் குழாயைத் திறக்க வேண்டும்.

ஃப்ளைவீலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதன் மறுமுகத்தில் V வடிவக் காந்தங்கள் 16. அவற்றுக்கு எதிரே அசையாத 16 கம்பிச் சுருள்கள். காந்தம் சுருளைக் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் பிறக்கும். இந்த அமைப்புக்கு மேக்னெட்டோ என்று பெயர். தீப்பொறிக்கான மின்சாரம் இங்கிருந்தே வந்ததால் ஓடும்போது பேட்டரி தேவைப்படவில்லை. 1915இல் மின்விளக்குகளும் இதே காந்தங்களோடு இணைக்கப்பட்டன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விளக்கு பிரகாசிக்கும், மெதுவானால் மங்கும். மோசமான சாலையில், வெளிச்சம் மிகத் தேவையான நேரத்தில், வண்டி மெதுவாகப் போவதால் விளக்கு மங்கிவிடும். அதனால் முதல் கியரில் எஞ்சினை விரட்டிக்கொண்டு இரவில் போனார்கள். எண்ணெய்க்கும் தனிப் பம்ப் கிடையாது. ஃப்ளைவீல் வாரியிறைக்கும் எண்ணெயை ஒரு புனல் பிடித்து, குழாய் வழியாக முன்பக்கத்துக்கு அனுப்பும். ஒரே உருப்படி வேகத்தைச் சீராக்குகிறது, கியரைச் சுமக்கிறது, மின்சாரம் தருகிறது, எண்ணெயும் இறைக்கிறது.

டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913 ஏப்ரலில் நகரும் வரிசை முறையை முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்த ஃப்ளைவீல் மேக்னெட்டோவில்தான். ஒரு தொழிலாளி முழுவதையும் தானே பூட்ட 20 நிமிடம் ஆனது. வேலையை 29 துண்டுகளாகப் பிரித்து, ஆளுக்கொன்று கொடுத்து, உருப்படியை நகர்த்தியபோது 13 நிமிடத்துக்கு வந்தது. குனியத் தேவையில்லாமல் மேசையை உயர்த்தியதும் 7 நிமிடம், பிறகு 5. அதையே முழு வண்டிக்கும் விரித்தார்கள். அடிச்சட்டம் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் 1914இல் 93 நிமிடமாகக் குறைந்தது. நாள் முழுக்க ஒரே திருகைத் திருகும் வேலை மனிதர்களை விரட்டியது. 1913இல் ஆலையை விட்டுப் போனவர்களுக்கு ஈடாக ஆள் எடுத்து மாளவில்லை. 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை 5 டாலராக்கியதற்கு அது முக்கியக் காரணம். 1908இல் 850 டாலருக்கு விற்ற வண்டியின் மலிவான வகை 1925இல் 260 டாலர்.

விலை இறங்கியதும் வண்டி விவசாயிகள் கைக்கு வந்தது. அவர்கள் அதை வெறும் காராகப் பார்க்கவில்லை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தானியம் அரைத்தார்கள். தரையில் நிற்கும் சக்கரம் அசையாததால், இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் அதன் பங்கையும் தூக்கிய சக்கரத்துக்கே கொடுக்கும், அது இருமடங்கு வேகத்தில் சுற்றும். நியூ ஹாம்ப்ஷயரில் வர்ஜில் ஒயிட் என்பவர் முன்சக்கரங்களுக்குப் பதிலாகப் பனிச்சறுக்குப் பலகைகளும் பின்னால் சங்கிலிப் பட்டையும் பொருத்தி, பனியில் ஓடும் மாடல் டி செய்து விற்றார். கம்பெனி கொடுத்த கையேடு கேள்வி-பதில் வடிவில் இருந்தது. படித்துவிட்டுச் சொந்தக்காரரே பட்டையை இறுக்கலாம், வால்வைத் தேய்க்கலாம். சிலிண்டர்களின் மூடி தனியாகக் கழலும்படி வார்க்கப்பட்டிருந்தது அதற்குப் பேருதவி.

1920களின் நடுவில் சாலைகள் தேறின, கேட்பவர்களின் விருப்பமும் மாறியது. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டுமே வந்த வண்டியின் முன் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவ்ரொலே கார் நிறத்தோடும் மூன்று கியர்களோடும் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தவணையில் விற்றது, ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றியது. ஃபோர்டின் மகன் எட்செலின் சகலையும் கம்பெனி அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், வாடிக்கையாளர்கள் கைநழுவுகிறார்கள் என்று 1926 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டுக்கு ஆறு பக்கக் குறிப்பு எழுதினார். சில மாதங்களில் அவர் வேலையிழந்தார். அடுத்த ஆண்டே மாடல் டி நின்றது. புதிய மாடல் ஏ வரும்வரை ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. மக்கள் கருத்துக்கேற்ற காரைச் செய்தே வளர்ந்த மனிதர் அந்தக் கருத்து மாறியபோது கேட்க மறுத்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வருத்தம் தரும் பகுதி.

கோள் கியர் அமைப்பு அதோடு போய்விடவில்லை. 1939இல் அதே ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமாட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் டிரம்களும் அவற்றை இறுக்கும் பட்டைகளும் இருந்தன. காலுக்குப் பதில் எண்ணெய் அழுத்தம் அவற்றை இறுக்கியது. டொயோட்டா பிரியஸ் எஞ்சினையும் மின் மோட்டாரையும் இணைப்பது இன்றும் கோள் கியரால்தான்.

மாடல் டிகளும் ஆயிரக்கணக்கில் இன்னும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்களிடையே ஓயாத வாதம் பட்டைக்கு எந்த உறை நல்லது என்பதுதான். பருத்தி மலிவு, பிடி மென்மை, ஆனால் அதன் பஞ்சு நூல்கள் உதிர்ந்து எண்ணெய்க் குழாயை அடைத்துவிடும். அதற்காகவே பலர் வெளியே இரண்டாவது குழாய் போடுகிறார்கள். கெவ்லார் என்ற செயற்கை இழை எளிதில் தேயாது, ஆனால் பெடலை அரைகுறையாக அழுத்தி வழுக்கவிட்டால் சூடு டிரம்முக்குள் ஏறி விரிசல் விழும். மரத்தால் செய்த உறையே சிறந்தது என்பவர்களும் உண்டு. அவர்கள் அதைப் பொருத்துவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்கிறார்கள்.