வில் என்று தேடினால் வேல் வருகிறது

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்கின் கீழே ஆறேழு பேர் உட்கார்ந்து டிஎன்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு அது. பாதிப் பேர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், ஒருவர் தேசிய சேவையில் இருக்கிறார். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். தரவுத்தளம் வடிவமைப்பது என் தொழில் என்பதால், இதுபோன்ற எல்லா விளையாட்டுகளின் கிளாஸ்களையும், அதாவது வீரன், மந்திரவாதி என்று ஒரு பாத்திரம் எடுக்கும் தொழில் வகைகளையும், ஒரே இடத்தில் தேடிப் பார்க்க ஏதாவது செய்து தரச் சொன்னார்கள். இரண்டு வார வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

என் முதல் வடிவமைப்பில் இருந்த தவறைப் பிறகு வேறு இரண்டு குழுக்களின் கோப்புகளிலும் பார்த்தேன். கிளாஸின் பெயரையே அதன் அடையாளமாக வைத்திருந்தோம். ஒரு பெயருக்கு ஒரு வரி. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்த விளையாட்டுகளின் ஐம்பது ஆண்டு வரலாறு அந்த வரிக்குள் அடங்காது.

1974இல் டிஎன்டி வந்தபோது கிளாஸ்கள் மூன்றுதான்: ஃபைட்டிங் மேன் (போர்வீரன்), மேஜிக் யூசர் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி). தீஃப் (திருடன்) அடுத்த ஆண்டு ஒரு துணைநூலில் வந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதற்கு ரோக் என்று பெயர். மேஜிக் யூசர் 1989இல் மேஜ் ஆகி, பிறகு விசர்ட் ஆனது. இவையெல்லாம் பெயர் மாறிய கதைகள். பெயர் மாறாமல் ஆள் மாறிய கதைகளில்தான் தரவுத்தளம் அதிகம் ஏமாறும். 1978 நூலில் பார்ட் (பாடகன்) ஆக வேண்டுமென்றால் முதலில் ஃபைட்டராக வளர வேண்டும், அப்புறம் தீஃபாக வளர வேண்டும், அதன் பிறகுதான் பார்ட். 2014 பதிப்பில் முதல் லெவலிலேயே எடுத்துக்கொள்ளலாம். 1981இன் பேசிக் தொகுப்பில் எல்ஃப் என்ற இனமே ஒரு கிளாஸ். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில், 2019இல், பாலடின் (புனித வீரன்) சாம்பியன் என்ற கிளாஸின் ஒரு வகையாகிவிட்டது.

ஆகவே எங்கள் தரவுத்தளத்தில் இப்போது மூன்று அட்டவணைகள். முதலாவதில் பொருளற்ற ஓர் எண் மட்டும் அடையாளமாக இருக்கிறது. இரண்டாவதில் அந்த எண்ணின் ஒவ்வொரு வடிவமும் உண்டு: எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எந்த நூல், எந்தப் பக்கம். மூன்றாவது முழுக்கப் பெயர்களுக்கு. தீஃப் என்று தேடுபவருக்கு ரோக்கும் வரும், இரண்டுக்கும் உள்ள உறவும் தெரியும். ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், பாலடின், பேலடின், பலாடின் என்று ஆளுக்கொரு விதமாக எழுதும் எழுத்துக்கூட்டல் எல்லாமே பெயர் அட்டவணையில் தனித்தனி வரிகள்.

எந்தத் தகவல் எந்த அட்டவணைக்குப் போகும் என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். டிஎன்டியின் 2014 பதிப்பில் கிளெரிக் முதல் லெவலில் துணைக்கிளாஸ் (கிளாஸுக்குள் ஒரு சிறப்புப் பிரிவு) எடுக்கும், விசர்ட் இரண்டில், ஃபைட்டர் மூன்றில். 2024 பதிப்பில் எல்லாருக்கும் மூன்றில்தான். அப்படியானால் இது பதிப்புக்கு உரிய தகவல். உயிர்ப்புள்ளிக்கு, அதாவது ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணுக்கு, டிஎன்டியின் 2014 பதிப்பில் பகடை. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் நிலையான எண். 1986இல் வந்த கர்ப்ஸ் என்ற விளையாட்டில் கிளாஸே கிடையாது. எனவே வெற்றுக் கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். ‘இந்த விளையாட்டுக்குப் பொருந்தாது’ என்பதும் ‘நாங்கள் இன்னும் நிரப்பவில்லை’ என்பதும் தேடுபவருக்கு வேறு வேறு பதில்கள்.

சரி, பெயரே தெரியாதவர் என்ன செய்வார்? புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, முன்னால நின்னு அடியும் வாங்கணும், மத்தவங்களுக்கு வைத்தியமும் பார்க்கணும், அப்படி எது இருக்கு?” இதற்குக் குறிச்சொற்கள் வேண்டும். 2008இல் வந்த டிஎன்டி நான்காம் பதிப்பு டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர் என்ற நான்கு பொறுப்புகளை நூலிலேயே அச்சிட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அப்படிக் கிடையாது. அங்கே ‘தாங்குபவர்’ என்று குறிச்சொல் போட்டால் அது எங்கள் கருத்து. நூல் சொன்னதையும் நாங்கள் சொன்னதையும் அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் கலந்தால் ஆறு மாதத்தில் எது எது என்று யாருக்கும் தெரியாது. தனி நெடுவரிசையில், போட்டவர் பெயரோடு வையுங்கள்.

இனி நான் மிகவும் வருத்தப்பட்ட இடம். சிறு குழுக்கள் பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளையும் அதன் எஃப்டிஎஸ்5 என்ற சொல் தேடல் வசதியையும் பயன்படுத்துகின்றன. அதன் இயல்பான சொற்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கொம்பும் காலும் புள்ளியும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் குறிகள் என்ற வகையில் இருப்பதால் அவற்றை இடைவெளியாக எண்ணிச் சொல்லை உடைத்துவிடும். ‘வில்’ என்பது வ, ல என்று ஆகும். ‘வேல்’ என்பதும் வ, ல. வில்லாளியைத் தேடி வில் என்று தட்டினால் வேலும் வரும், வாலும் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதனால் பல மாதம் யாரும் கவனிக்கமாட்டார்கள். சொற்பிரிப்பானின் எழுத்து வகைப் பட்டியலில் இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட்டுத் தேடல் அட்டவணையை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை.

இன்னொன்று, ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று தட்டியிருப்பதை அது திருத்தாது, அதை நாமே பிடிக்க வேண்டும். வீரன், வீரனை, வீரனுக்கு என்று உருபு ஏறிய சொற்களுக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 12ஆம் பதிப்பு முதல் தமிழுக்கும் சொல்வேர் காணும் வசதி உண்டு, எல்லா உருபையும் அது சரியாக வெட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்ட ஊர் இது. 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது. இங்கே உட்கார்ந்து தமிழைப் பாதியாக வெட்டும் தேடலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலின் வாசகங்களை அப்படியே ஏற்றாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1, அதாவது டிஎன்டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானது. அதில் 12 கிளாஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துணைக்கிளாஸ். மூலத்தைக் குறிப்பிட்டு அதை எடுத்தாளலாம். உரிமம் இல்லாத மற்றவற்றுக்குப் பெயர், நூல், பக்க எண், உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி போதும். ஒவ்வொரு பதிவிலும் உரிமத்துக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள்.

தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களைத் தனியாகச் சேமித்து, மாதம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். போன மாதப் பட்டியலில் ‘பாணன்’ நான்கு முறை இருந்தது; பார்டுக்கு அதை ஒரு பெயராகச் சேர்த்தோம். ‘விறலி’ என்றும் ஒருவர் தேடியிருந்தார். பாடுவதோடு ஆடவும் செய்பவளை பார்டுக்குள் அடக்குவதா, தனி எண் கொடுப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.