லேப்டாப்பில் பறந்தது, பெட்டியில் நொண்டியது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். படங்களை இரவில் குறியாக்கம் செய்து (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டி) பேக்கப் எடுக்க ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், குறியாக்கத்தையே நிறுத்தியிருக்கிறார்கள்.

"நாலஞ்சு வருஷப் படம் சார். பேஷன்ட் வந்து உக்காந்த அப்புறமும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதான் ஆஃப் பண்ணிட்டோம்" என்றார் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்.

தப்பு என்னுடையது. நிரலை என் லேப்டாப்பில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். அது இன்டெல். 2010 வாக்கிலேயே இன்டெல் சிப்களில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கென்று தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. ஏஇஎஸ் தரவைச் சுற்றுச் சுற்றாகக் கலக்கும்; ஒரு சுற்றை ஒரே கட்டளை முடித்துவிடும். பை 4 சிப்பில் அந்த வசதி கிடையாது. 256 பிட் சாவி என்றால் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 14 சுற்று. அத்தனையும் சாதாரணக் கட்டளைகளில் உருட்ட வேண்டும். பை 5-இல் வசதி வந்துவிட்டது. லினக்ஸில் சிப்பின் விவரம் இருக்கும் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து 'ஏஇஎஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை, நான் செய்யவில்லை.

"நீயே டேபிள் போட்டு எழுதிடுடா, பறக்கும்" என்றான் நண்பன். அங்கேதான் வினை. டேபிள் என்றால் கணக்கின் விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல். அதில் தேடும் இடம் கேஷில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் இருந்தால் சீக்கிரம் வரும், இல்லாவிட்டால் தாமதமாகும். எந்த இடத்தைத் தேடுகிறோம் என்பது சாவியைப் பொறுத்தது. ஆக, நேரத்தை அளப்பவனுக்குச் சாவி கசியும். குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்.

அதே பெர்ன்ஸ்டைன் 2008-இல் கொடுத்த சாச்சா20 என்ற குறியாக்க முறையில் கூட்டல், பிட் சுழற்றல், எக்ஸார் (பிட்டுகளை ஒப்பிடும் எளிய கணக்கு) மட்டும்தான். டேபிளே கிடையாது. எந்தச் சிப்பிலும் ஓடும். பை 4-இல் ஏஇஎஸ்ஸைவிடப் பல மடங்கு வேகம். இப்போது நிரல் ஓடத் தொடங்கும்போதே சிப்பைக் கேட்கிறது: வசதி இருந்தால் ஏஇஎஸ்-ஜிசிஎம், இல்லையென்றால் சாச்சா20-பாலி1305. இரண்டுமே பூட்டுவதோடு, கோப்பை யாராவது மாற்றினால் காட்டிக் கொடுக்கும் ஒரு முத்திரையும் போடும். எதில் பூட்டியது என்பதைக் கோப்பின் தலைப்பில் எழுதி, அந்தத் தலைப்பையும் முத்திரைக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். கம்பைல் செய்யும்போதே என் லேப்டாப் சிப்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி முடிவு செய்திருந்தால், ரிசப்ஷனில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் நிரல் தொடங்கிய உடனே செத்திருக்கும்.

அந்த ஒரு மாதப் படங்கள் பூட்டில்லாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், ரிசப்ஷன் மேஜை மேலேயே கிடந்தன. அன்றைக்குப் பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று முதலில் அதைத்தான் பூட்டினேன்.