தர்பூசணி வாசம் அடிக்கும் கடல்

உவரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தாராம். நீலக் கண்ணாடி, அதன் மேல் பாய் விரித்த படகு, கீழே 'மெரைன்' என்று எழுத்து. வீட்டில் எல்லோரும் மணிக்கட்டில் அடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றிருக்கிறார்கள். ஐம்பது வருடம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழிலுக்குப் போன தாத்தா மட்டும் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "ஏட்டி, இதுல கடல் எங்க இருக்கு? தர்பூசணி வாசம்லா அடிக்கு!" என்று சொல்லிவிட்டார். தாத்தா சொல்வது சரியா, கடல் வாசம் என்பது உப்பு வாசம்தானே, அதை ஏன் பாட்டிலில் அடைக்க முடியவில்லை என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார் அந்த மாணவி.

தாத்தா சொன்னது முழுக்கச் சரி. இந்த வகை சென்டுகளில் கடல் என்று நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் கலோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான். ஃபைசர் என்ற மருந்து நிறுவனத்தில் 1966-ல் கண்டுபிடித்தார்கள். பார்க்க வெள்ளைப் பொடி. வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயரே 'தர்பூசணிக் கீட்டோன்'. வேதியியல் படிக்காத ஒருவர் ஒரே மூச்சில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி உப்பு. உப்புக்கு வாசம் கிடையாது. ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் எழும்பிக் காற்றில் கலந்து மூக்குக்குள் வர வேண்டும். சோடியம் குளோரைடு உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆவியாக அதற்கும் வெகு மேலே போக வேண்டும். அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஒன்றும் வராது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளி உதட்டில் பட்டுக் கரிக்கிறதே, அது சுவை. கடற்கரைக் காற்றில் ஓசோன் இருக்கிறது, அதுதான் அந்தப் புத்துணர்ச்சி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அதுவும் தவறு. ஓசோனின் வாசம் தெரிய வேண்டுமானால் ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்றால் போதும். உவரிக் கரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் கரையில் நின்று நாம் முகர்வது எதை? உயிர்களை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் உப்புநீரில் தங்கள் உடல் நீரை இழந்து சுருங்கிவிடாமல் இருக்க டி.எம்.எஸ்.பி. என்ற ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பாசி செத்தாலோ, ஏதாவது அதைத் தின்றாலோ அந்தப் பொருள் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவாகிறது. பாக்டீரியாக்கள் இந்த வேலையைச் செய்யப் பயன்படுத்தும் ஒரு மரபணுவை இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் குழுவினர் 2007-ல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் வேகும்போது வீட்டில் பரவும் வாசத்திலும் இதே வாயு உண்டு. அண்டார்டிக் கடல் பறவைகள் சில இதை முகர்ந்தே இரை இருக்கும் இடத்துக்குப் பறந்து போகின்றன என்று கேப்ரியல் நெவிட் என்ற ஆய்வாளர் 1995-ல் காட்டினார்.

அடுத்தது புரோமின் சேர்ந்த புரோமோஃபீனால்கள். பாசிகளும் கடற்புழுக்களும் உண்டாக்கும் இவை, அவற்றைத் தின்னும் மீனின் சதையில் சேர்கின்றன. தாமிரபரணிக் கெண்டைக்கும் கடல் மீனுக்கும் சுவையில் உள்ள வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மீன் ஏலம் போடும் இடத்தில் அடிக்கும் கவிச்சி வேறு: அது டிரைமெத்தில் அமீன், மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. நம் வீட்டுப் பெண்கள் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவது நல்ல வேதியியல். அமீன் ஒரு காரம், புளி அமிலம், இரண்டும் சேர்ந்தால் உப்பு. உப்பு பறக்காது, மேலே சொன்ன அதே காரணம்தான்.

இவை எல்லாம் பாதிக் கடல். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

இடிந்தகரை, கூத்தங்குழி பக்கம் பாறைகளில் பழுப்பு நிறப் பாசிகள் வளர்கின்றன. அவற்றில் டிக்டியோட்டா என்று ஒரு இனம்: நாடா போலத் தட்டையாக, நுனி இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். இந்தப் பழுப்புப் பாசிகளில் பலவற்றுக்கு ஆண் அணுவும் பெண் அணுவும் தனித்தனி. இரண்டும் தண்ணீருக்குள் விடப்படுகின்றன. ஆண் அணுவுக்கு நீந்தச் சாட்டை உண்டு, கண் கிடையாது. மோதிப் புரளும் அலைக்குள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள ஒன்று, பெண் அணுவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பெண் அணு ஒரு வாசனையைத் தண்ணீரில் விட்டு அழைக்கிறது. எக்டோகார்ப்பஸ் என்ற பாசியில் இந்த அழைப்புப் பொருளை 1971-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து எக்டோகார்ப்பீன் என்று பெயர் வைத்தார்கள். பதினொரு கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஏழு மூலை கொண்ட ஒரு வளையம். டிக்டியோட்டாவின் அழைப்புப் பொருளும் இதன் தங்கைதான். அதிலும் ஏழு மூலை வளையம்.

இந்த மூலக்கூறுகளில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதாவது எண்ணெய்க் குணம், தண்ணீரோடு ஒட்டாது. தண்ணீருக்குள் ஒருவரை அழைக்க, தண்ணீரில் கரையாத பொருளையா தேர்ந்தெடுப்பார்கள்? முதலில் படித்தபோது எனக்கும் விளங்கவில்லை. ஊர்க் கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் மைக்செட் ஒலிக்கும்போது கூட்டத்தில் ஒருவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. அழைப்புப் பொருள் தண்ணீரில் நன்றாகக் கரைந்து தங்கிவிட்டால் பாறைக்குழி முழுக்க நேற்றைய அழைப்பும் இன்றைய அழைப்பும் கலந்து கிடக்கும்; ஆண் அணு எந்தப் பக்கம் போகும்? கரையாத பொருளோ சீக்கிரம் நீரை விட்டுக் காற்றுக்குத் தப்பி ஓடிவிடும். தண்ணீர் மறுபடி அமைதியாகிவிடும், அடுத்த அழைப்பு தெளிவாகக் கேட்கும்.

கதை இதோடு முடியவில்லை. 1971-ல் கண்டுபிடித்த எக்டோகார்ப்பீன் உண்மையான அழைப்பே அல்ல என்று வேதியியலாளர் வில்ஹெல்ம் போலண்டும் அவருடைய குழுவினரும் 1995-ல் நிறுவினார்கள். பெண் அணு முதலில் விடுவது வேறொன்று: மூன்று கார்பன் வளையம் கொண்ட ஒரு மூலக்கூறு. கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒன்றுக்கொன்று 109.5 டிகிரி விலகி நிற்க விரும்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். முக்கோணத்தில் கிடைப்பது 60 டிகிரி. வலிந்து வளைத்து நாண் ஏற்றிய வில் அது. அந்த முக்கோணத்திலிருந்து இரண்டு கைகள் ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன, இரண்டிலும் இரட்டைப் பிணைப்பு. கைகள் மடங்கி ஒன்றையொன்று நெருங்கும் கணத்தில் முக்கோணத்தின் ஒரு பக்கம் அறுகிறது, கைகளின் நுனிகள் கோத்துக்கொள்கின்றன, இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறி உட்காருகின்றன. எல்லாம் ஒரே அசைவில். நொதி வேண்டாம், நெருப்பு வேண்டாம், கடல் நீரின் வெதுவெதுப்பே போதும். மூன்று மூலை வளையம் ஏழு மூலை வளையமாகிறது. அணுக்களில் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே பதினொரு கார்பன், அதே பதினாறு ஹைட்ரஜன். ஆனால் ஆண் அணுவை இழுக்கும் சக்தி ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்துபோகிறது.

நிமிடக் கணக்கில் தானே அழிந்துபோகும் கடிதம் இது. வாசித்து முடித்ததும் எரித்துவிடு என்று எழுதி அனுப்ப வேண்டியதே இல்லை, எரியும் நேரத்தை உள்ளே வைத்தே மடித்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் வடிவமைக்காத ஒரு கடிகாரம் பாறை இடுக்கில் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைவிட்டு எழும்பி நம் மூக்குக்கு வரும் அந்த ஏழு மூலை மூலக்கூறு, முடிந்துபோன ஒரு அழைப்பின் சாம்பல். ஹவாய் தீவில் பச்சை மீனோடு சேர்த்துத் தின்னும் ஒரு பழுப்புப் பாசியின் வாசத்துக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் காரணம் என்று 1968-லேயே அங்கே கண்டிருந்தார்கள். மூக்கு 'கடற்கரை' என்று அடையாளம் காண்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆழ்கடலுக்குப் போய் வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள்: தூரத்துக் கடலில் இந்த வாசம் அவ்வளவாக இருக்காது, கரை நெருங்க நெருங்கத்தான் ஏறும். நாம் கடல் வாசம் என்று சொல்வது உண்மையில் கரையின் வாசம்.

இப்போது கலோனுக்குத் திரும்பலாம். அதன் மூலக்கூறிலும் ஏழு மூலை வளையம் ஒன்று இருக்கிறது, பென்சீனோடு ஒட்டியபடி. ஏழில் இரண்டு இடத்தில் கார்பனுக்குப் பதில் ஆக்சிஜன். பாசியின் அழைப்புப் பொருளோடு அதற்கு உள்ள உருவ ஒற்றுமையை வேதியியலாளர்கள் எப்போதும் சுட்டிக்காட்டுவார்கள். நம் மூக்கில் ஏறத்தாழ நானூறு வகை வாசனை ஏற்பிகள் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் அவற்றில் சிலவற்றை எழுப்பும், ஆர்மோனியத்தில் போல எந்தெந்தச் சாவி அழுந்தியது என்ற சேர்க்கையை மூளை வாசிக்கும். ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. கலோன் அழுத்தும் சாவிகளில் சில கடற்கரையோடும் சில தர்பூசணியோடும் பொதுவாக இருக்க வேண்டும். கடலைத் தினமும் முகராத மூக்கு அதைக் கடல் என்று ஏற்றுக்கொள்கிறது. தாத்தாவின் மூக்கில் மீதிச் சாவிகள் அழுந்தவில்லை. கந்தகம் இல்லை, புரோமின் இல்லை, கவிச்சி இல்லை. மிச்சம் நின்றது தர்பூசணி.

கலோன் இருபது வருடத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்தது. 1988-ல் அராமிஸ் நிறுவனத்தின் 'நியூ வெஸ்ட்' சென்டில் துணிந்து சேர்த்தார்கள். 1990-களில் உலகமே நீல பாட்டிலுக்கு மாறியது. 1988-லேயே வந்த டேவிடாஃப் 'கூல் வாட்டர்' வேறு வழியில் போனது. அதில் தூக்கலாக நிற்பது டைஹைட்ரோமிர்சினால் என்ற எலுமிச்சைச் சாயல் கொண்ட பொருள். சோப்பிலும் துணி துவைக்கும் பொடியிலும் அதுவே சேர்வதால்தான் மெரைன் சென்ட் பலருக்குத் துவைத்துக் காயப்போட்ட சட்டையை நினைவூட்டுகிறது. அடித்தவுடன் ஜில்லென்று படுவது கடற்காற்று அல்ல, ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவது. மண்பானை செய்யும் அதே வேலை.

கரையோர வாசனை என்றால் தாழம்பூவைச் சொல்லாமல் போகக்கூடாது. தாழம்பூ வாசத்துக்குப் பாம்பு வரும் என்று எங்கள் பாட்டி எங்களை அந்தப் பக்கமே விடமாட்டாள். பாம்பு நாக்கை நீட்டிக் காற்றில் தேடுவது எலியின், தவளையின் தடத்தை. தாழைப் புதரில் அடர்ந்த நிழல் உண்டு, எலி உண்டு, ஈரம் உண்டு. பூ பூக்காத காலத்திலும் பாம்பு அங்கேதான் இருக்கும். புதருக்குள் கையை விடாதே என்று சொன்னால் போதும், பூவைக் குற்றம் சொல்ல வேண்டாம். இதைவிட வருத்தம் தருவது அம்பர்கிரிஸ் விஷயம். 'திமிங்கல வாந்தி கோடிக்கணக்கில் விலை போகும்' என்று நம்பி நம் கரையோர இளைஞர்கள் கடத்தல் வழக்கில் சிக்கும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அது வாந்தி அல்ல, எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாவது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கையில் வைத்திருப்பதே குற்றம். வாசனைத் தொழிலுக்குத் தேவையான அம்பர் மணப்பொருளை சால்வியா வகைச் செடி ஒன்றிலிருந்து பல்லாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டிக்காகச் சிறைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

உண்மையான செல்வம் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் கடற்கரை, ஆனால் அங்கே மணல் உண்டு, பாறை உண்டு, கச்சான் காற்றுக் காலத்தில் கரையில் ஒதுங்கும் பாசிக் குவியல் உண்டு. பாசி என்றவுடன் அதிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்களான அகாருக்குக் கிலோ என்ன விலை, ஆல்ஜினேட்டுக்கு என்ன விலை என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. எது எந்த மாதத்தில் என்ன மூலக்கூறை விடுகிறது என்று அளக்க, கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துக் காட்டும் ஒரு வாயு வண்ணப்பிரிகைக் கருவியும் பொறுமையான இரண்டு மாணவர்களும் போதும். பெரிய திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், கரையோர ஊர்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் உள்ள சிறிய கல்லூரிகளுக்கு இப்படி ஒரு கருவி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்தப் பாறையில் எந்தப் பாசி என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உவரி மாணவிக்கு ஒரு வேண்டுகோள். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில், நாடா போல நுனி பிளந்த பழுப்புப் பாசி கிடைத்தால் ஒரு கைப்பிடி எடுத்து, கொஞ்சம் கடல் நீரோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். ஒரு துண்டுத் தாளில் அண்ணனின் சென்டைத் தொட்டு வையுங்கள். தாத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றி நீட்டுங்கள். பாட்டிலைத் திறந்த முதல் மூச்சில் அவர் என்ன சொன்னார் என்பதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, எனக்கு எழுதி அனுப்புங்கள்.