பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள், கீழே குனிந்து பாருங்கள்

பழைய சின்ன கார் வாங்க ஆசைப்பட்டு தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு வண்டிகளில் வந்து நிற்கும். ஒன்று 1961-இல் அறிமுகமாகி, நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்னொன்று 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. “எதுண்ணே நல்ல வண்டி?” என்பார்கள். ஓட்டுவதற்கு இரண்டுமே நல்ல வண்டிதான். துருவைப் பற்றிக் கேட்டால்தான் பதில் மாறும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றிலேயே உப்பு. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி மேலே பளபளக்கும், அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம். பாடியை அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். கதவுக்குக் கீழே தகடு ஓட்டையானாலும் சேசிஸ் உறுதியாக இருந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும். பானட்டோ இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். மெக்கானிக்குக்கு இதைவிடச் சொகுசு கிடையாது!

மாருதிக்குத் தனி சேசிஸே இல்லை. தரைத்தகடு, கதவடி, முன் ஷாக் மேலே பதியும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டியின் பலம். அங்கே துரு ஏறினால் அழகு மட்டும் போவதில்லை, மோதும்போது உங்களைக் காக்க வேண்டிய இரும்பே போகிறது.

ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த சிவப்பு மாருதி கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே கால்மிதியைத் தூக்கினால் புதுசாக அடித்த கறுப்பு அண்டர்கோட், அதாவது துரு தடுக்கும் பூச்சு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் கதவடியைத் தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று வந்த சத்தம் இரண்டு கதவுக்கு நடுவிலுள்ள தூண் அருகே டொப்பென்று அமுங்கியது. சுரண்டிப் பார்த்தால் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி, அதற்கடியில் ரிவெட் அடித்த தகரம், உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள். விற்றவரைக் கேட்டால் “டச்சப் மட்டும் செஞ்சோம்” என்பார். காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டியில் ஒட்டாது.

ஹெரால்டிலும் ஆபத்து உண்டு. அதன் பின்சக்கர ஆக்சில் அமைப்பில், வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி வழுக்கும். அதே கம்பெனி 1972-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில்தான் அதை மாற்றினார்கள். இந்தப் பழைய வண்டியில் சீட் பெல்ட் பொருத்துவதாக இருந்தால் வெறும் தகட்டில் துளை போடவே கூடாது.

அப்புறம் பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரம் இரண்டையும் அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்க அது போதும். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருகாதீர்கள். முதலில் ஹோஸை மாற்றுங்கள்.

பேப்பர் விஷயத்திலும் இரண்டும் ஒன்றல்ல. 50 வருடம் தாண்டி, அடிப்படை மாற்றம் எதுவும் செய்யாத ஹெரால்டை 2021 விதிப்படி வின்டேஜாகப் பதியலாம், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினமும் பாரிமுனைக்கு ஆபீஸ் போக அதை எடுக்க முடியாது. மாருதிக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு என்றால் நான் அடி சுத்தமாக இருக்கிற மாருதியைத்தான் சொல்வேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.