அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களுக்கு

ஆனி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலையில், கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ என் பட்டறை வாசலில் வந்து நின்றது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது 14 அடி நீளமுள்ள, தகடுகளை ரிவெட் (தலை தட்டி இறுக்கும் ஆணி) அடித்து இணைத்த ஒரு பழைய அலுமினிய வள்ளம். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் அதைக் கொச்சியில் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே வைத்து, விடுமுறை நாள்களெல்லாம் செலவழித்துப் புதுப்பித்திருந்தார். பக்கங்களில் நீலம், உள்ளே வெள்ளை, அடியில் செங்காவி நிறம் என்று வர்ணப் பூச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "நாலு இடத்துல தண்ணி கசியுது, வெல்டு வச்சுத் தந்தாப் போதும் அண்ணே" என்றார். அடிப்பாகத்தில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைச் சட்டைப்பையில் இருந்த பேனாவின் முனையால் குத்தினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்து, பேனா மறுபக்கம் போயிற்று. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நான் எதிர்பார்த்திருந்த அதே கேள்வியைக் கேட்டார்: "அலுமினியம் துருப்பிடிக்காதுல்லா?"

இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது வள்ளம் இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். துரு என்பது இரும்புக்கு உரியது. ஆனால் துருப்பிடிக்காது என்பதற்கு அரிக்காது என்று பொருளில்லை. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட கணத்திலேயே உருவாகும் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. அந்தப் படலம் அமிலத்திலும் நிற்காது, காரத்திலும் நிற்காது. உப்புத் தண்ணீர் அதை ஆங்காங்கே ஊசி முனை போல உடைக்கும். இவற்றையெல்லாம்கூட நல்ல கடல்தர உலோகக் கலவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அது தாங்காதது பக்கத்தில் இருக்கும் செம்பை. உப்புத் தண்ணீரில் நனைந்த இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், தரத்தில் தாழ்ந்தது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். படகில் பயன்படும் உலோகங்களில் துத்தநாகமும் மக்னீசியமும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அலுமினியமே தாழ்ந்தது. செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிய அனைத்தும் அதைத் தின்னக்கூடியவை. செம்பின் விஷயத்தில் தொடுதல்கூட வேண்டாம். செம்பின் மேல் பட்டு வடிந்த தண்ணீர் அலுமினியத்தின் மேல் தேங்கினாலே போதும், அதில் கரைந்திருக்கும் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து அங்கேயே குழி தோண்டத் தொடங்கிவிடும்.

அந்த மனிதரின் வள்ளத்துக்கு அடியில் இருந்த செங்காவி நிறம், சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் வர்ணம். அந்த நிறத்தைக் கொடுப்பது செம்பு ஆக்சைடு. மர வள்ளத்துக்கும் ஃபைபர் வள்ளத்துக்கும் அது நல்ல பூச்சு. பல காலமாக நம் கரையில் பயன்படுவதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெறுமையாக்கிய அலுமினியத்தின் மேல் அதையே நேரடியாகப் பூசுவது, வள்ளத்தின் அடி முழுவதையும் செம்பால் போர்த்துவதற்குச் சமம். ரிவெட் அடித்த சிறிய வள்ளங்களின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின் கனம் உடையது. அதில் குழி விழ ஏழு மாதம் ஆயிற்று என்பதுதான் எனக்கு வியப்பு. உண்மையில், நாள்தோறும் கரையேற்றி வைக்கும் வள்ளத்துக்குப் பாசி தடுக்கும் வர்ணமே தேவையில்லை. இரவும் பகலும் தண்ணீரில் கிடக்கும் வள்ளமாக இருந்தால் செம்பு கலவாத வகை கிடைக்கிறது. விலை கூடுதல், அவ்வளவுதான்.

இன்னொரு வள்ளம் சென்ற மாசியில் வந்தது. அணியத்தின், அதாவது முன்முனையின், உட்புறத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, தகடு சல்லடையாகியிருந்தது. காரணம் தேடி அதிக நேரம் போகவில்லை: நடுவில் ஒரு பித்தளை மாதா சுரூபம், இரண்டு பித்தளைத் திருகாணிகளால் நேரே தகட்டில் பொருத்தப்பட்டிருந்தது. அலை அடிக்கும்போதெல்லாம் நனையும் இடம். உரிமையாளரின் அம்மா வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்து மந்திரித்துக் கொடுத்ததாம். கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தேக்குத் துண்டில் சுரூபத்தைப் பதித்து, அந்தத் துண்டை அணியத்தின் குறுக்குப் பலகையின் மேல், தண்ணீர் வடிந்தால் தகட்டுக்குப் போகாதபடி பொருத்திக் கொடுத்தேன். செப்புத் தகட்டில் எந்திரம் எழுதிக் கட்டுபவர்களுக்கும் இதுவே வழி. வலையிலிருந்து கழன்ற ஈயக் குண்டுகளும், பையிலிருந்து விழுந்த நாணயங்களும் வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும். அவற்றைப் பொறுக்குவது ஒரு நிமிட வேலை. யாரும் செய்வதில்லை.

இவ்வளவு தவறான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்தேன். கைப்பேசியில் காட்டினார்கள். அமெரிக்காவில் பழைய அலுமினிய மீன்பிடிப் படகை வீட்டுக் கொட்டகையில் புதுப்பிக்கும் காணொளிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தட்டையான அடியுள்ள அந்தச் சிறு படகுகளில் பெரும்பாலானவை ஏரியிலும் ஆற்றிலும், அதாவது நன்னீரில் ஓடுபவை. சாலையில் இழுவண்டியில் வந்து, மாலையில் வீட்டுக்குப் போய்விடுபவை. நம் வள்ளம் கிடப்பது தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலோ, பூவாறிலோ, அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயில் தண்ணீர் மிச்சமிருக்கும் இடத்திலோ. அங்கே உப்பு, சேறு, சாக்கடை மூன்றும் கலந்திருக்கும். குழித்துறை ஆற்றுக்குத் தாமிரபரணி என்று பெயர் இருப்பதால் அலுமினியம் அங்கே அரிக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதை நம்பி ஒருவர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பவா என்று கேட்டுவிட்டார்.

காணொளியைப் பார்த்து வாங்கும் பொருள்களில் முதலாவது, அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் பலிக்கட்டை. பேச்சிப்பாறை, நெய்யாறு போன்ற அணைத் தண்ணீருக்கு மக்னீசியக் கட்டை சரி. அதையே கடலில் மாட்டினால் அளவுக்கு மீறி வேலை செய்து, தகட்டைச் சுற்றிக் காரத்தன்மையை உண்டாக்கி, வர்ணத்தையும் உரித்து அலுமினியத்தையும் கெடுக்கும். கடலுக்குத் துத்தநாகமோ அலுமினியக் கலவையோ. பொழிமுகத்துக்கு அலுமினியக் கலவை. எதுவாயினும் கட்டையின் மேல் வர்ணம் பூசாதீர்கள். கண்ணில் பட்டதையெல்லாம் பூசிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பூசிய கட்டை வெறும் சுமை.

இரண்டாவது, சிறு எரிவாயு விளக்கில் உருக்கி ஓட்டை அடைக்கும் குச்சி. காணொளியில் குளிர்பான அலுமினிய டப்பாவின் ஓட்டையை அடைத்து, சுத்தியலால் அடித்தும் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை துத்தநாகம் மிகுந்த கலவை. உப்புத் தண்ணீரில் அந்த ஒட்டே முதலில் கரையும். வீட்டில் வாங்கிய மலிவான இயந்திரத்தில் வெல்டு வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; அதன் மேலுள்ள ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. மேலே ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே உருகி, சட்டென்று கீழே விழுந்துவிடும். பேனா நுழையும் ஓட்டை கை நுழையும் ஓட்டையாகி என்னிடம் வந்த வள்ளங்கள் பல. ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள். அவரிடமும் எந்தக் கம்பி போடுகிறார் என்று கேளுங்கள். 5083, 5086 போன்ற கடல்தரத் தகடுகளுக்கு 5356 கம்பி பொருந்தும். சமையல் பாத்திரத்துக்கும் வண்டி உதிரிக்கும் வழக்கமாகப் போடும் 4043 அந்தத் தகடுகளில் நொறுங்கும் வெல்டு இணைப்பைத் தரும். ரிவெட் அடித்த இணைப்பில் கசிவு என்றால், பெரும்பாலும் வெல்டிங்கே வேண்டாம். தளர்ந்த ரிவெட்டை உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க, வெளியே ஒருவர் அடித்து இறுக்கினால் தீர்ந்துவிடும். இறுகாததைக் கழற்றிவிட்டுத் திடமான அலுமினிய ரிவெட்டையே போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட் நடுவில் துளை உள்ளது. அதன் வழியே தண்ணீர் வரும், உள்ளே ஒடிந்து தங்கும் இரும்பு ஊசி அரிப்பையும் தொடங்கி வைக்கும்.

கசிவு எங்கே என்று தெரிந்துகொள்ள வள்ளத்தைக் கடலில் தள்ளிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேடை மேல் வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துக்கொண்டு சொட்டும் இடங்களில் குறியிடுவதே முறை. ஆனால் 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 480 கிலோ கனம். இரண்டு முனையில் மட்டும் கல் வைத்துவிட்டுக் கீழே படுக்காதீர்கள்.

இனிச் சுத்தம் செய்யும் கொடுமை. கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் தகடு பளபளவென்று ஆகிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். பளபளத்தது தகட்டின் ஒரு அடுக்கு போனதால். காஸ்டிக் சோடாவைக் கொண்டு வர்ணம் உரிப்பவர்கள் அதைவிட மோசம்: காரம் அலுமினியத்தைக் கரைக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். இரும்புக்குப் பயன்படுத்திய வயர் பிரஷ்ஷும் கிரைண்டர் சக்கரமும் அலுமினியத்தில் படவே கூடாது. இரும்புத் துகள் பதிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு குழிக்கு வித்தாகும். இதே தவறைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்து, ஒரு முழு வள்ளத்தை என் செலவில் மறுபடி தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் பிரஷ் ஒன்றை வாங்கி, அலுமினியத்துக்கு மட்டும் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படகுகளின் வர்ணத்தில் ஈயமும், அடிப்பூச்சில் துத்தநாகக் குரோமேட்டும் இருக்கக்கூடும். குரோமேட் தூசி புற்றுநோய் தரக்கூடியது. உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும், துகள் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும், பிள்ளைகளை முற்றத்துக்கு விடக்கூடாது. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக வைத்திருக்கும் ஃபோம் பல ஆண்டுகளாகத் தண்ணீரை உறிஞ்சி, ஈரத்துணி போலத் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். அதன் பின்னால்தான் மோசமான அரிப்பு இருக்கும். அதை முழுவதும் அகற்றும் முன் பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள், எரிந்தால் வரும் புகையில் சயனைடு வாயு உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் ஆர்க் பிடித்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு வரும். இதை நான் மிகைப்படுத்தவில்லை. மூடிய காற்றறைக்குத் துளை போட்டுத் திறக்காமல் வெல்டு வைக்கவே கூடாது.

அமரத்தில், அதாவது பின்முனையில், எஞ்சின் மாட்டும் பலகை உளுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இங்கேயும் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். மரைன் பிளை என்னும் ஒட்டுப் பலகை வாங்குகிறார்கள், அதில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று கவனமாகப் பார்க்கிறார்கள். அந்த முத்திரை பலகை தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான சான்று. அலுமினியத்தோடு ஒத்துப்போகும் என்பதற்கு அல்ல. பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகையாக இருந்தால், நனைந்த செம்பை அமரத்தில் கட்டி வைத்ததாகத்தான் கணக்கு. கடைக்காரரிடம் கேளுங்கள், எப்படியிருந்தாலும் வெட்டு விளிம்புகள், போல்ட் துளைகள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி பூசி அடைத்த பிறகே பொருத்துங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம், ஆனால் நைலான் வாஷரும் சீலண்டும் இல்லாமல் போடக்கூடாது.

வர்ணம் பூசுவதென்றால், தேய்த்துத் துடைத்த அன்றே, இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், அலுமினியத்துக்குரிய பிரைமரைப் பூசிவிட வேண்டும். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். முக்கியமாக, ஓட்டை பார்க்க என்னைப் போன்றவரிடம் கொண்டுவருவதாக இருந்தால் வர்ணம் பூசுவதற்கு முன்பே கொண்டுவாருங்கள், தயவுசெய்து. நீங்கள் மூன்று வாரம் பூசியதை நான் ஒரே காலையில் உரித்தெடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

கொல்லங்கோட்டுக்காரரின் வள்ளத்தில் செங்காவி முழுவதையும் எடுத்துவிட்டுக் கனம் அளந்தேன். பக்கங்களில் 1.5 மில்லிமீட்டர் குறையாமல் இருந்தது. அடியில் பல இடங்களில் 0.7தான். அடித்தகட்டை முழுவதும் வெட்டி மாற்ற ஆகும் செலவையும், காயலான் கடையில் எடைக்குப் போட்டால் கிடைக்கும் தொகையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.