சர்க்கரை இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர்

"நேத்து கல்யாணத்துல ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டார் டாக்டர். நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க." உட்காருவதற்கு முன்பே மனைவி புகாரை வைத்துவிடுவார். கணவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன மாத்திரை போடுறார்மா?" என்று கேட்டால், "காலைல சின்னதா ஒண்ணு, ராத்திரி வெள்ளையா ஒண்ணு" என்பதோடு பதில் நின்றுவிடும்.

அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தட்டைப் பிடுங்கி நான் பார்த்தவரை யாருக்கும் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில்லை. வீட்டில் தடுத்தால் டீக்கடையில் சாப்பிடுவார். அது உங்கள் கணக்கிலும் வராது, எங்கள் கணக்கிலும் வராது. என் கவலை வேறு. சர்க்கரை ஏறுவதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கும் வீடுகளில் பலருக்கு, இறங்கினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏறுவதன் கெடுதல் பெரும்பாலும் வருடக்கணக்கில் வரும். இறங்கினால் சிறிது நேரத்திலேயே ஆள் சுருண்டு விழலாம்.

எல்லா மாத்திரையும் இதைச் செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படியல்ல. சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். பல கூட்டு மாத்திரைகளில் கிளிமிபிரைடு சேர்ந்தே இருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளன்று பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேப் வரிசையில் நின்று மயங்குபவர்கள் உண்டு. ஏகாதசி விரதமோ ரமலான் நோன்போ, மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: "இப்பல்லாம் சுகர் தானாவே குறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள். சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கி இப்படிக் குறையும்.

வேர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டில் தவறவிடுவது மற்றவற்றை: காரணமில்லாத கோபம், நாக்குக் குழறல், சம்பந்தமில்லாத பேச்சு. "குடிச்சிருக்கார்னு நினைச்சிட்டோம்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தில் இறங்கினால் பனியன் நனைந்திருக்கும், காலையில் தலை வலிக்கும்.

மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சர்க்கரையும் ஆகும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுபவருக்கு அது சீக்கிரம் உடைந்து ரத்தத்தில் சேராது, குளுக்கோஸ்தான் வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். 'சுகர் ஃப்ரீ' பானத்தால் ஒரு பயனும் இல்லை. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் அதே அளவு மறுபடி. ஏறியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சாதமோ கொடுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, குறிப்பாக வயதானவர்களுக்கு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள்.